பாதிக் கம்பத்தில் பிறந்தநாள்

கொடி அழகாக ஏறியது. உச்சியில் போய்ச் சற்று நேரம் படபடத்தது. பிறகு யாரோ கூப்பிட்ட மாதிரி மெதுவாகக் கீழே இறங்கி, சரியாகக் கம்பத்தின் பாதியில் நின்றுவிட்டது.

"டேய்," என்றார் எஸ்கில், கொடியைப் பார்த்து. "மேல போடா."

கொடி போகவில்லை.

அன்று அவருடைய மாமியார் டாக்னிக்கு எண்பதாவது பிறந்தநாள். பிறந்தநாள் என்றால் கொடி உச்சியில் பறக்க வேண்டும். பாதியில் நின்றால் வீட்டில் சாவு. டென்மார்க்கில், அதுவும் அந்தச் சின்னத் தீவில், பால்பல் விழாத பிள்ளைக்குக்கூட இது தெரியும். டாக்னி முந்தின நாள் சாயங்காலமே வந்து மாடி அறையில் தங்கியிருந்தார். இன்னும் எழுந்திருக்கவில்லை. எழுந்து திரையை விலக்கினால் கிழவியின் கண்ணில் முதலில் படப்போவது இந்தக் கொடிதான்.

தெருவில் எல்லாரும் கொடியைக் கையால் கயிறு இழுத்துத்தான் ஏற்றுவார்கள். எஸ்கிலுக்குத் தோள்வலி. ஸ்வென்போர்க் துறைமுகத்துக்குப் போய்வருகிற படகில் எஞ்சின் பார்க்கிற மனிதர் அவர். வலிக்கு மருந்து தேடாமல் மோட்டார் தேடினார். மூடிப்போன ஒரு கடையின் வெயில்மறைப்பைச் சுருட்டுகிற மோட்டாரைக் கழற்றி வந்து, கம்பத்தின் அடியில் பொருத்திவிட்டார். ஏறு, இறங்கு, நில் என்று மூன்று பொத்தான் வைத்த ரிமோட். பக்கத்து வீட்டு ப்ரெபென் கடற்படையில் இருந்தவர். அவர் தெருக் கூட்டத்தில் எழுந்து, "கொடிக்கு மோட்டாராம்! பாத்துட்டே இருங்க, என்னைக்காவது ஒரு நாள் நடுவுல மாட்டிக்கிட்டு நம்ம தெரு மானத்தையே வாங்கப் போகுது," என்று சாபம் விட்டிருந்தார். அதிலிருந்து மோட்டாரைப் பற்றி ப்ரெபென் காதில் நல்ல சேதி மட்டும்தான் விழ வேண்டும் என்பதில் எஸ்கில் உறுதியாக இருந்தார்.

நேற்று ராத்திரியிலிருந்து அந்த ரிமோட்டைக் காணோம். சாவி மாட்டுகிற ஆணியில் இல்லை. சோபாவின் இடுக்கில் இல்லை. நாயின் வாயிலும் இல்லை.

எஸ்கில் அசரவில்லை. கொட்டகையில் அவருடைய பொக்கிஷம் இருந்தது. போன குளிர்காலத்தில், விரல் நீளமுள்ள ஒரு மைக்ரோகன்ட்ரோலர் பலகையில் ஒரு ரிசீவரையும் ஒரு டிரான்ஸ்மிட்டரையும் இணைத்து, ரிமோட் காற்றில் அனுப்புகிற சங்கேதத்தைப் பிடித்து வைத்திருந்தார். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு நீளமான எண். அதே எண்ணைப் பலகை திருப்பி அனுப்பினால் மோட்டாருக்கு வித்தியாசம் தெரியாது. முதலாளிதான் கூப்பிடுகிறார் என்று எண்ணி வேலை செய்யும். இந்த அற்புதத்தை மனைவி சோல்வையிடம் காட்டியபோது அவள், "அதான் ரிமோட்டே இருக்கே?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்த சோல்வைதான் இன்று காலை பேக்கரிக்குக் கிளம்பும்போது, சைக்கிளில் உட்கார்ந்து ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு பேசிவிட்டுப் போயிருந்தாள்.

"அம்மாவை இனிமே நம்மகூடவே வந்து இருக்கச் சொல்லப் போறேன். இந்த வயசுல மாடிப்படி ஏற முடியாது. கீழ ஒரு அறை வேணும்."

"கீழ ஏது அறை?"

"உன் கொட்டகை."

"அது கொட்டகை இல்ல சோல்வை. அது பட்டறை."

"அது குப்பை. நீதான் எல்லாம் உபயோகமான சாமான்னு சொல்றே. சரி, இன்னைக்கு ஒரு நாள் பாக்கறேன். கொடி ஒழுங்கா பறக்கட்டும், ஓவன்ல இருக்கற பன்னிக்கறி ஒழுங்கா வேகட்டும். ஹால்ல ஒரு பக்கம் தடுத்து அம்மாவுக்கு அறை பண்ணிடலாம். உன் சாமானால ஏதாவது ஒண்ணு கெட்டுச்சு, திங்கக்கிழமை கொட்டகை காலி."

"ஒண்ணும் கெடாது."

"கெடக் கூடாது. பாவம், அம்மா ஊரையே கூப்பிட்டாங்க. ஒருத்தருக்கு முதுகு வலியாம். இன்னொருத்தருக்குப் பேரனைப் பாத்துக்கணுமாம். ப்ரெபெனுக்கு மீன் பிடிக்கப் போகணுமாம். நாப்பது வருஷமா கூட உக்காந்து சீட்டாடற ரிக்மோருக்கு முட்டி மடங்கலையாம். வர்றேன்னு சொன்னது பாதிரியம்மா மட்டும்தான், அதுவும் அது அவங்க உத்தியோகம். அம்மா 'பரவால்ல'ன்னு மட்டும் சொன்னாங்க. அந்தப் 'பரவால்ல' எனக்கு நெஞ்சைப் பிசையுது. கொடியாவது ஒழுங்கா பறக்கட்டும்."

ஆக, கொடி பாதியில் நின்றபோது எஸ்கிலுக்குத் தன் பட்டறையே பாதியில் தொங்குவதாகப் பட்டது. பலகையில் 'ஏறு' என்பதை மறுபடி அழுத்தினார். கொடி உச்சிக்குப் போனது. அவர் மூச்சு விட்டார். கொடி இறங்கிப் பாதியில் நின்றது.

கணினியைக் கொண்டுவந்து தோட்டத்து மேஜையில் வைத்து ரிசீவர் என்ன கேட்கிறது என்று பார்த்தார். திரையில் அவர் அனுப்பிய 'ஏறு' இருந்தது. அதற்குக் கீழே, அவர் அனுப்பாத 'இறங்கு'. அதற்கும் கீழே, அவர் அனுப்பாத 'நில்'.

"தூக்கத்துல உளர்றியா?" என்று பலகையைக் கேட்டார். அது உளறுகிறதா என்று தெரிந்துகொள்ள டிரான்ஸ்மிட்டரைப் பிடுங்கிப் பார்த்தார். இப்போது அதற்கு வாயே கிடையாது. அப்படியும் திரையில் புதிதாக ஓர் 'இறங்கு' வந்து விழுந்தது. கொடி இன்னும் ஒரு முழம் இறங்கியது. 'நில்' வந்தது. நின்றது.

அப்போது வேலிப் பக்கம் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். ப்ரெபென். தூண்டில் ஒரு கையில், தொப்பி இன்னொரு கையில்.

"எஸ்கில்," என்றார் தழுதழுத்த குரலில். "உன்னை என்னமோன்னு நெனச்சிருந்தேன்பா. மன்னிச்சுக்கோ."

"எதுக்குண்ணே?"

"துக்கக் கொடியை இப்பல்லாம் எவனுக்கு ஒழுங்கா ஏத்தத் தெரியுது? நேரா பாதியில கொண்டுபோய்க் கட்டிடறானுங்க. மொதல்ல உச்சி வரைக்கும் ஏத்தணும், ஒரு நிமிஷம் நிறுத்தணும், அப்புறம்தான் பாதிக்கு எறக்கணும். நீ அச்சு அசலா பண்ணினே. அதுவும் ரெண்டு தடவை! மோட்டாரைப் பத்தி நான் பேசினதெல்லாம் வாபஸ்."

எஸ்கில் வாயைத் திறந்தார். 'யாரும் சாகல, மோட்டார் கோளாறு' என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ப்ரெபென் வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மோட்டாரைப் பாராட்டியிருந்தார். அதைக் கையோடு திருப்பிக் கொடுக்க எஸ்கிலுக்கு மனசு வரவில்லை.

"நல்லா எறங்குதுல்ல?" என்றார்.

"பட்டு மாதிரி. எப்பப்பா ஆச்சு?"

"காலையில... திடீர்னு," என்றார் எஸ்கில், கொடியைப் பார்த்தபடி.

ப்ரெபென் மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். திரை மூடியிருந்தது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் விலகியிருந்தது. அவர் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். அடுத்த சில நிமிஷத்தில் அவருடைய கொடியும் உச்சிக்கு ஏறி, முறைப்படி பாதிக்கு இறங்கியது. அதைப் பார்த்து எதிர்வீட்டுக் கொடி. அதைப் பார்த்து மூலைவீட்டுக் கொடி.

சோல்வை வருவதற்குள் தன் கொடியை உச்சியில் நிறுத்திவிட்டால், மற்றவர்கள் ஏன் இறக்கினார்கள் என்பது மற்றவர்கள் பிரச்சினை. எஸ்கில் மூளையைக் கசக்கினார். சங்கேதம் பலகையிலிருந்து வரவில்லை என்றால் வெளியிலிருந்து வருகிறது. பக்கத்தில் யாரிடம் மலிவான கம்பியில்லா சாமான் இருக்கிறது? ப்ரெபென் வீட்டு அழைப்பு மணி! அதே அலைவரிசை. தள்ளுபடிக் கடையில் வாங்கியது. எண்ணும் ஒன்றாகவே இருந்துவிட்டால்?

ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். ப்ரெபெனின் மனைவி ஊலா திறந்தாள்.

"ஊலா, உங்க மணியோட பாட்டரியைக் கழட்டணும். உடனே."

ஊலா மார்பில் கை வைத்தாள். "ஐயோ, எங்களுக்கே தோணியிருக்கணும். இந்த மாதிரி நாள்ல போய் டிங் டாங்னு..." அவளே கழற்றிக் கொடுத்தாள். போதாததற்குத் தெருவாசிகள் எல்லாருக்கும் போன் போட்டு, "இன்னைக்கு யாரும் மணி அடிக்காதீங்க, எஸ்கில் ரொம்ப நொந்துபோயிருக்கான், டாக்னி போயிட்டாங்க," என்று சொல்லிவிட்டாள்.

தெருவில் மணி வைத்த வீடுகள் எல்லாம் ஊமையாயின. எஸ்கில் கொடியை ஏற்றினார். அது உச்சி வரை போய்ப் பாதிக்கு வந்தது.

"சரி. நீயாச்சு நானாச்சு," என்றார். கொடி உச்சியில் இருக்கும்போது மின்சாரத்தையே நிறுத்திவிட்டால்? யார் எந்தச் சங்கேதம் அனுப்பினாலும் மோட்டாருக்குக் காது கேட்காது. மறுபடி ஏற்றினார். ஓடிப்போய் ஃப்யூஸைப் பிடுங்கினார்.

தான் பொருத்திய பிரேக் மின்சாரம் இருந்தால்தான் கயிற்றைப் பிடிக்கும் என்பது ஃப்யூஸைப் பிடுங்கிய பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

வெளியே வந்தபோது கொடி கல் மாதிரி விழுந்துகொண்டிருந்தது. கொடி தரையில் படக்கூடாது. பட்டால் அப்புறம் அந்தத் தெருவில் குடியிருக்க முடியாது. எஸ்கில் பாய்ந்தார். அவருக்கு முன்னால் வாசற்கதவைத் தள்ளிக்கொண்டு வந்த பாதிரியம்மா, கையிலிருந்த பரிசுப் பொட்டலத்தைப் புல்லில் எறிந்துவிட்டு, விழுகிற குழந்தையைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் கொடியைப் பிடித்துக்கொண்டார்.

"பாவம் எஸ்கில்," என்றார் மூச்சு வாங்க. "கை நடுங்குதுபோல. ஊலா போன்ல எல்லாம் சொன்னாங்க. பொறந்தநாள்னு கெளம்பிட்டிருந்தேன்... நான் மேல போய்ப் பாக்கட்டுமா?"

"வேண்டாம்!" எஸ்கில் படிக்கட்டு வாசலில் குறுக்கே நின்றார். "சோல்வை வரட்டும். அவளுக்கு இன்னும் தெரியாது."

"தெரியாதா? கடவுளே!"

பாதிரியம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எஸ்கில் உள்ளே ஓடி ஃப்யூஸைப் போட்டார். கொடி ஏறியது, இறங்கியது. ஓவனுக்கு மட்டும் உயிர் திரும்பவில்லை. அதன் கடிகாரம் பூஜ்யத்தில் கண் சிமிட்ட, பன்றிக்கறி பாதி வெந்தபடி உள்ளே ஆறிக்கொண்டிருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

கடைசியாக ஒரு முரட்டு யோசனை தோன்றியது. விடாமல் 'ஏறு', 'ஏறு' என்று பலகை அனுப்பிக்கொண்டே இருக்கும்படி நிரலை மாற்றி எழுதினார். எதிரி ஒரு தடவை 'இறங்கு' என்றால் இவர் பத்துத் தடவை 'ஏறு' என்பார். எதிரியும் சளைக்கவில்லை. கொடி ஏறியது, இறங்கியது, ஏறியது, இறங்கியது.

அதற்குள் தோட்டம் நிரம்பத் தொடங்கியிருந்தது. முதுகு வலிக்காரர் நிமிர்ந்து நடந்து வந்தார், கையில் ஒரு வெள்ளை ரோஜாக் கொத்து. பேரனைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் பேரனோடும், நாடா கட்டிய ஒரு மலர்வளையத்தோடும் வந்தார்கள். பிறந்தநாளுக்கு மீன் பிடிக்கப் போகவேண்டிய ப்ரெபென் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, ஏறி இறங்குகிற கொடிக்கு விறைப்பாக சல்யூட் அடித்தார்.

"டாக்னி கப்பல் கேப்டனோட பொண்டாட்டியாச்சே, இப்படித்தான் மரியாதை பண்ணணும்," என்று எல்லாருக்கும் விளக்கினார். "நான் சர்வீஸ்ல ஒரே ஒரு தடவைதான் பாத்திருக்கேன்." அவர் அதைப் பார்த்ததே இல்லை.

துக்கத்துக்கு வந்தவர்களை வெறும் வாயோடு நிறுத்த முடியாது. பிறந்தநாளுக்கென்று வாங்கி வைத்திருந்த கசப்புச் சாராயத்தை எஸ்கில் சின்னச் சின்னக் கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்தார். மாடி ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு கூட்டம் கூடி நின்று குடித்தது.

"தங்கமான மனுஷி," என்றாள் ஊலா. போன வாரம்தான் டாக்னியின் வாயைக் கருவாட்டுக் கத்தி என்று வர்ணித்திருந்தாள்.

"மனசுல எதையும் வெச்சுக்க மாட்டாங்க," என்றார் முதுகு வலிக்காரர்.

"சீட்டாட்டத்துல மட்டும் ரிக்மோரை ஏமாத்துவாங்க," என்றார் ப்ரெபென். எல்லாரும் அவரை முறைத்தார்கள். "அதுவும் அழகா ஏமாத்துவாங்கன்னு சொல்ல வந்தேன்."

"பொறந்தநாளுக்கு வர்றேன்னு சொல்லியிருக்கலாம்," என்றாள் ஊலா திடீரென்று. இந்த முறை அவள் அழுதது நிஜம். "ஒரு கேக் துண்டு சாப்பிட்டுட்டுப் போறதுல என்ன கொறைஞ்சிருக்கும்?"

எல்லாரும் தங்கள் கோப்பைக்குள் பார்த்தார்கள். கொடியும் அந்தச் சமயம் பாதியில் வந்து அமைதியாக நின்றது.

சரியாக அப்போது சோல்வை தெருமுனையில் திரும்பினாள். ஹேண்டில்பாரில் கேக் பெட்டி. தெரு நெடுக எல்லாக் கொடியும் பாதியில். யார் போய்ச் சேர்ந்தார்களோ என்று எண்ணியபடி மிதித்தாள். தன் வீட்டுக் கொடியும் பாதியில். தோட்டம் நிறையக் கறுப்பு உடை, வெள்ளைப் பூ, நடுவில் பாதிரியம்மா. சைக்கிள் ஒரு பக்கம் விழுந்தது, கேக் ஒரு பக்கம் விழுந்தது.

"அம்மா!" என்று அலறினாள்.

பாதிரியம்மா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார். ப்ரெபென் தொப்பியைக் கழற்றினார். எஸ்கில் பலகையைக் கீழே போட்டுவிட்டு, "சோல்வை, அழாத, அழாத, மோட்டார்தான் கோளாறு, உங்கம்மா நல்லாதான்..." என்று ஓடினார். அவள் அழுததைப் பார்த்ததும் அவருக்குப் பட்டறை, மானம், ப்ரெபென் எல்லாம் மறந்துபோனது.

மாடி ஜன்னல் திறந்தது.

"காபி யாராவது போட்டீங்களா, இல்ல நான்தான் வந்து போடணுமா?" என்று கேட்டார் டாக்னி.

ஊலாவின் கோப்பை கீழே விழுந்தது. பாதிரியம்மா தன் தொழிலுக்குப் பொருந்தாத ஒரு வார்த்தையைச் சொன்னார்.

டாக்னி ஏற்கெனவே நல்ல உடை உடுத்தி, காதில் முத்துத் தோடு போட்டு, தலை வாரித் தயாராக இருந்தார். கைப்பையோடு கீழே இறங்கி வந்து கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "இவ்வளவு பேரா! பொறந்தநாளுக்குக் கறுப்புதான் இப்ப ஃபேஷனா?"

முதுகு வலிக்காரர் ரோஜாக் கொத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டார். வந்தவர்கள் திரும்பிப் போகவும் முடியாது. செத்தால் வருவோம், இருந்தால் வரமாட்டோம் என்று முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? பாதிரியம்மா மலர்வளையத்திலிருந்து 'அமைதியில் உறங்குக' நாடாவை நைசாக உருவிக் கோட்டுப் பையில் திணித்தார். ப்ரெபென் பிறந்தநாள் பாட்டை எடுத்துக் கொடுத்தார். கறுப்பு உடையில் தெருவே நின்று பாடியது. மலர்வளையம் மேஜை நடுவில் இடம்பிடித்தது. கேக்கில் நசுங்காத பக்கத்தை வெட்டினார்கள்.

"தங்கமான மனுஷிக்கு இன்னொரு கப் ஊத்துங்க," என்று டாக்னி கோப்பையை ஊலா பக்கம் நீட்டினார். ஊலா ஊற்றியதில் பாதி தட்டில் விழுந்தது.

எஸ்கில் இந்தக் கூட்டத்தில் இல்லை. கணினி முன்னால் குந்தி, நிரலில் ஓர் அரைப்புள்ளியை இடம் மாற்றி வைத்து, பலகையை அழுத்தினார். கொடி உச்சிக்குப் போனது. காத்திருந்தார். இறங்கவில்லை. இன்னும் காத்திருந்தார். திரையில் ஒரு 'இறங்கு' கூட இல்லை.

"கண்டுபிடிச்சிட்டேன்!" என்று துள்ளினார். "ஒரே ஒரு அரைப்புள்ளி! அதுதான் இவ்வளவு நேரமும்..."

"அதுக்கு என்ன இப்ப?" சோல்வை சமையலறையிலிருந்து வந்தாள். கையில் பன்றிக்கறித் தட்டு. கறி பச்சையும் இல்லை, வெந்ததும் இல்லை. "என்னைப் பெத்தவளுக்கு உயிரோட இருக்கும்போதே கருமாதி பண்ணிட்டே. ஓவன் நின்னுபோச்சு. கேக் போச்சு. திங்கக்கிழமை கொட்டகை காலி. அம்மா அங்கதான் இருக்கப் போறாங்க."

எஸ்கில் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்குக் கொட்டகை வேண்டாம்," என்றார் டாக்னி.

"அம்மா, நீ சும்மா இரு."

"பொறந்தநாள் எனக்குத்தானே? அந்தக் கொட்டகையில ஒரு ஆணியைக்கூட யாரும் தொடக் கூடாது. ஹால்ல தடுப்புப் போட்டுக் குடு, வர்றேன். காலையில இருந்து ஒரு மனுஷன் என் கொடிக்காக நாயா ஓடியிருக்கான். மேல இருந்து பாத்துட்டுத்தானே இருந்தேன்? எந்த மாமியாருக்கு இப்படி மாப்பிள்ளை கிடைப்பான்?"

இருபத்தைந்து வருஷக் கல்யாண வாழ்க்கையில் அந்த வாயிலிருந்து அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. எஸ்கிலுக்குக் கண் கலங்கிவிட்டது. ப்ரெபென் அவர் முதுகில் தட்டினார். சோல்வைகூடக் கறித்தட்டை மேஜையில் வைத்துவிட்டு, "சரி, பொழைச்சுப் போ," என்றாள்.

காபி கலக்கப் போன எஸ்கிலுக்குப் பின்னாலேயே டாக்னியும் நடைக்குள் வந்தார். வெளியே யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு கைப்பையைத் திறந்து, கைக்குட்டைக்கும் இருமல் மிட்டாய்க்கும் நடுவிலிருந்து, மூன்று பொத்தான் வைத்த அந்த ரிமோட்டை எடுத்து மருமகன் கையில் வைத்தார்.

"கொட்டகையில இதுக்குப் புதுப் பாட்டரி இருக்கும்ல மாப்ளே?" என்றார் ரகசியமாக. "ரிக்மோர் இன்னும் வரல."